ஆலய ஜன்னலில் நல்ல மேய்ப்பன்: கடை கிளாஸ் கலர் போதுமா, சூளை வேண்டுமா?

ஆற்காட்டுக்குப் பக்கத்தில் உங்கள் சபைக்கு நூறாவது வருஷம் வருகிறது. பலிபீடத்துக்குப் பின்னால் கிழக்குச் சுவரில் இருக்கும் மூன்றடி அகலம், ஏழடி உயர வளைவு ஜன்னலில் நல்ல மேய்ப்பன் படம் வைக்க ஆசை. சபையிலேயே ஓவிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கடையில் விற்கும் கிளாஸ் கலரை வாங்கி வரைந்துவிடலாமா, இல்லை சூளையில் சுட்டே ஆகவேண்டுமா, சுடுவதென்றால் ராணிப்பேட்டையில் தெரிந்தவர் வைத்திருக்கும் பீங்கான் சூளை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்குப் பெயிண்டைப் பற்றிய கேள்விதான். ஆனால் இரண்டு முறை படித்ததில் எனக்குப் பட்டது இது: இப்போது வைக்கும் படத்தை உங்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளும் பார்ப்பார்களா, அதை வெளியூர்க்காரர் கையில் கொடுக்காமல் நம் சபையாரே செய்ய முடியுமா, இந்த இரண்டையும்தான் கேட்கிறீர்கள். நான் சென்னையில் ஒரு பெரியவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து இந்த வேலையைக் கற்றவன். பழைய ஆலயக் கண்ணாடிகளைக் கழற்றித் திருப்பி மாட்டுவதும் புதிது செய்வதுமாகப் பதினெட்டு வருஷம் ஆகிறது, இப்போது பட்டறை காட்பாடியில். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

சந்தேகமே இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன பாட்டிலில் கிடைக்கும் கிளாஸ் கலர், அது அக்ரிலிக்காக இருந்தாலும் வார்னிஷ் வகையாக இருந்தாலும், கண்ணாடி மேல் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒரு தோல்தான். சுவர் சுண்ணாம்பை உறிஞ்சுவதுபோலக் கண்ணாடி எதையும் உறிஞ்சாது. பகலில் சூடாகி விரியும், இரவில் சுருங்கும். மேலே இருக்கும் தோல் அதே அளவுக்கு விரிந்து சுருங்காது, அதனால் ஓரத்தில் தூக்க ஆரம்பிக்கும். புற ஊதாக் கதிர் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். வீட்டுக்குள் இருக்கும் கதவுக் கண்ணாடிக்கும் விழா அலங்காரத்துக்கும் அது நல்ல பொருள்தான். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நம் பக்கத்தில், வெளிச்சுவர் ஜன்னலில், அதற்கு வேலை இல்லை. எத்தனை வருஷத்தில் போகும் என்பது கூரை எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது, எதிரே மரம் இருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்தது. அடுத்த நூற்றாண்டு விழாவை அது பார்க்காது, அது மட்டும் நிச்சயம்.

அடுத்தது, ஓவியம் தெரிந்தவர்கள்கூடத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒன்று. வண்ணக் கண்ணாடி ஜன்னலில் நிறத்தைத் தூரிகை தருவதில்லை. நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடியை உருக்கும்போதே கோபால்ட் சேர்த்தால் நீலம், மாங்கனீசு சேர்த்தால் ஊதா, தங்கம் சேர்த்தால் ரோஜாச் சிவப்பு. செம்பு உலையின் தன்மையைப் பொறுத்துப் பச்சையாகவும் வரும், ரத்தச் சிவப்பாகவும் வரும். செம்புச் சிவப்பு மிகவும் அடர்த்தியானது, முழுத் தடிமனுக்கும் போட்டால் கறுப்பாகவே தெரியும். அதனால்தான் ஐரோப்பாவில் நடுக்காலத்திலேயே வெறும் கண்ணாடி மேல் மெல்லிய சிவப்புப் படலமாக ஊதிச் செய்தார்கள். ஆக, மேய்ப்பனுக்குச் சிவப்பு அங்கி வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடியை அங்கி வடிவத்துக்கு வெட்டுவோம். தூரிகையில் எடுப்பது கறுப்பு அல்லது பழுப்பு மட்டுமே. இரும்பு ஆக்சைடும் சுலபமாக உருகும் கண்ணாடித் தூளும் சேர்த்து அரைத்த பொடி அது. அதன் வேலை வெளிச்சத்தை மறைப்பது. உங்கள் ஆசிரியர் காகிதத்தில் வெள்ளையிலிருந்து தொடங்கி நிறம் சேர்த்துக்கொண்டே போவார். கண்ணாடியில் முழு வெளிச்சத்திலிருந்து தொடங்கி, வேண்டாத வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறோம். இது மனதில் உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நம் ஊர் ஜன்னலுக்கு இது இன்னும் முக்கியம். நமக்குத் தெரிந்த பெரிய ஜன்னல்கள் பெரும்பாலும் மேகம் மூடிய ஐரோப்பிய வானத்துக்காகச் செய்தவை. அங்கே வெளிர் நிறக் கண்ணாடியும் லேசான பூச்சும் போதும். அதே கணக்கில் ஆற்காட்டில் கிழக்குச் சுவரில் வைத்தால், காலை எட்டரை மணி ஆராதனைக்குச் சூரியன் நேராகக் கண்ணாடி வழியே வந்து சபையார் கண்ணில் அடிக்கும். ஆயர் முகமும் தெரியாது, மேய்ப்பன் முகமும் தெரியாது. நீலம் பக்கத்து நிறங்கள்மேல் வழிந்து பரவும் குணம் உள்ளது, சிவப்பு அவ்வளவு பரவாது. அதனால் முகத்தைச் சுற்றி வெளிர் நீலத்தைப் பெரிதாக விட்டால் முகம் கரைந்துபோகும். நான் இங்கே செய்யும்போது நிழல் பூச்சைக் கனமாகப் போடுகிறேன். வானத்துக்குக்கூட வெறும் நீலத்தை அப்படியே விடுவதில்லை, மேலே மெல்லியதாக ஒரு பழுப்புப் பூச்சு கொடுத்து, அதில் கோடு கோடாகச் சுரண்டி வெளிச்சத்தை அளந்து விடுகிறேன்.

வரைபடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘நானே நல்ல மேய்ப்பன்’ என்ற வசனத்துக்கு நாம் காலண்டரில் பார்த்துப் பழகிய படத்தில் ஆடு பஞ்சுமூட்டை மாதிரி வெள்ளையாக இருக்கும். இங்கே பாலாற்றங்கரையில் மேயும் செம்மறிக்குக் கம்பளி இல்லை, உடம்பு செம்பழுப்பு. இங்கே ஊர் ஆட்டையே வரையச் சொல்லுங்கள். பாசத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வெள்ளை ஆடு என்றால் ஜன்னலின் அடியில், பலிபீடத்துக்கு நேர் மேலே, பெரிய வெள்ளைப் பரப்பு வரும். கண் அங்கேயே போய் நிற்கும், கூசும். தேன் நிற, செம்பழுப்புக் கண்ணாடி அந்த இடத்தில் அமைதியாக உட்காரும். முகத்துக்கும் அப்படித்தான். வெளிர் ரோஜா நிறக் கண்ணாடியை எடுக்காமல் தேயிலைச் சாற்று நிறத்தில் எடுத்தால் நம் முகம் வரும், வெயிலுக்கும் அதுதான் தாங்கும். அமெரிக்க மிஷனரிகளின் ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கியது. அந்த வழி வந்த சபைக்குத் தன் ஊர் ஆட்டையும் பின்னால் தன் ஊர்ப் பாறைக்குன்றையும் ஜன்னலில் வைக்க முழு உரிமை உண்டு.

வரைபடம் முடிந்ததும் அதை ஜன்னலின் உண்மை அளவுக்குப் பெரிதாக்கி, கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டைகள், அதாவது ஈயக் கோடுகள், எங்கே ஓடும் என்று குறிக்க வேண்டும். ஈயக் கோடு படத்தின் எல்லைக் கோடாகவும் இருக்க வேண்டும், கண்ணாடி வெட்ட முடிகிற வடிவமாகவும் இருக்க வேண்டும். உள்நோக்கி ஆழமாக வளைந்த துண்டு வெட்டும்போதே உடையும், தப்பினால் ஜன்னலில் உடையும். ஈயப் பட்டையின் குறுக்குவெட்டு எச் எழுத்து மாதிரி இருக்கும். நடுத்தண்டின் தடிமன் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மில்லிமீட்டர். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே அந்த இடைவெளியை விட்டு வெட்ட வேண்டும். மறந்துவிட்டால், குறுக்கே பத்துத் துண்டு வரும் இடத்தில் ஒன்பது பட்டை சேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டர் கூடிவிடும், பலகை, அதாவது துண்டுகளை ஈயத்தில் கோத்து முடித்த பகுதி, சட்டத்துக்குள் போகாது. ஏழடியை ஒரே பலகையாகவும் செய்யக் கூடாது. மூன்றாகப் பிரியுங்கள். 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே சதுர மீட்டருக்கு ஏழரை கிலோ, ஈயமும் சேர்ந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

இனி தூரிகை வேலை. பொடியைக் கண்ணாடிப் பலகையில் தண்ணீர் விட்டு, துளி பிசின் சேர்த்து, கத்தியால் நன்றாகக் குழைக்க வேண்டும். கோடு போடும் கலவையைக் காடியில், அதாவது வினிகரில், குழைப்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் செய்கிறேன். காய்ந்த பிறகு அதன் மேல் தண்ணீர்ப் பூச்சு போட்டால் கோடு கரையாது. பிசின் கூடினால் சூளையில் பூச்சு எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி கொப்பளிக்கும், குறைந்தால் கை பட்டாலே தூளாக உதிரும். கோடு காய்ந்ததும் துண்டு முழுவதும் மெல்லிய பூச்சைப் பரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே பேட்ஜர் முடித் தூரிகையால், இல்லாவிட்டால் மிருதுவான ஆட்டு முடித் தூரிகையால், நுனி மட்டும் படும்படி இப்படியும் அப்படியும் வீசி வீசிச் சமன் செய்வோம். அதற்குக் கிடைக்கும் நேரம் அரை நிமிஷமோ முக்கால் நிமிஷமோதான். நம் வெயில் காலத்தில் அதுவும் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஏழரைக்குள் பூச்சு வேலையை முடித்துக்கொள்வேன்.

அந்தப் பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகு வருவதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த கட்டம். கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து வைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, தென்னை ஈர்க்குச்சியைச் சீவி அதன் நுனியால் பூச்சைச் சுரண்டுவேன். கண்ணுக்குக் கீழ் இமை ஓரத்தில் ஒரு சின்னக் கோடு, மூக்குத் தண்டில் ஒரு கோடு, தாடியில் பத்து இருபது. சுரண்டிய இடத்தில் வெளிச்சம் ஊசி மாதிரி உள்ளே வரும். அதுவரை கறுப்புத் தகடாக இருந்த முகம் அப்போதுதான் நம்மைப் பார்க்க ஆரம்பிக்கும். உங்கள் ஆசிரியருக்குக் கோடு நிதானமாக வரும் என்றால், இதை இரண்டு மூன்று மாதப் பழக்கத்தில் பிடித்துக்கொள்வார். வெறும் கண்ணாடித் துண்டுகளில் பழகட்டும், கண்ணாடிக் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளே போதும். தப்பு வந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். சுடும்வரை எதுவும் நிலையில்லை, அதுதான் வசதி.

சுடுவது பற்றி. பூச்சு கண்ணாடியோடு ஒன்றாகக் கலக்க 620 முதல் 680 டிகிரி செல்சியஸ் வேண்டும், பொடிக்குப் பொடி கொஞ்சம் மாறும். ராணிப்பேட்டை பீங்கான் சூளை ஆயிரத்துக்கு மேல் போகக் கூடியது, சூட்டுக்குக் குறைவில்லை. கேள்வி அது 650இல் அடங்கி நிற்குமா என்பதுதான். எழுநூறைத் தாண்டினால் கண்ணாடி குழைந்து வடிவம் இழக்கத் தொடங்கும். டிஜிட்டல் கட்டுப்பாடும், தட்டுக்குப் பக்கத்திலேயே வெப்பத்தை அளக்கும் கம்பியும் உள்ள மின்சூளை என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். விறகிலோ எரிவாயுவிலோ எரிவது என்றால், அதில் நான் சுட்டுப் பார்த்ததில்லை, துணிந்து போகச் சொல்லமாட்டேன். தட்டில் சாக் பவுடரை நன்றாகக் காயவைத்துச் சலித்துப் பரப்பி அதன்மேல் கண்ணாடியை வையுங்கள், பூச்சு மேல்பக்கம் இருக்க வேண்டும். முதல் முந்நூறு டிகிரி வரை மெதுவாக, இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு ஏற்றுங்கள். பிறகு வேகமாக 660க்குக் கொண்டுபோய், ஐந்து பத்து நிமிஷம் நிறுத்தி, 550 அளவுக்கு இறக்கி அரை மணி நேரமாவது அங்கே பிடித்துவையுங்கள். கண்ணாடிக்குள் இருக்கும் இறுக்கம் தளர்வது அங்கேதான். அதற்குப் பிறகு தானாக ஆறட்டும். கை தாங்கும் சூடு வரும்வரை கதவைத் திறக்க வேண்டாம்.

சூடு போதாமல் போவது எவ்வளவு ஆபத்து என்பதை என் அனுபவத்திலேயே பார்த்தேன். ஆரம்ப நாட்களில் ஒரு கிராமத்து ஆலயத்துக்கு நான்கு அப்போஸ்தலர்களைச் செய்து கொடுத்தேன். கரண்டு போய்ப் போய் வந்த ஒரு நாளில் சுட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, லேசான மினுமினுப்பு மட்டும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முன் சபை வாலிபர்கள் சோப்புத் தண்ணீரில் கண்ணாடியைக் கழுவியிருக்கிறார்கள். பேதுருவின் கண்ணும் மூக்கும் துணியோடு வந்துவிட்டன. அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, தப்பு என் சூளையில். அந்தத் துண்டுகளை என் செலவில் மறுபடி செய்து மாட்டினேன். அன்றிலிருந்து சுட்ட ஒவ்வொரு துண்டையும் சாய்த்துப் பார்த்து மினுமினுப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பேன், நகத்தாலும் குண்டூசியாலும் சுரண்டிப் பார்ப்பேன். துளி வந்தாலும் மறுபடி சூளைக்குத்தான். இங்கிலாந்தில் 1860, 70களில் சீக்கிரம் உருக வேண்டுமென்று பூச்சில் வெங்காரம் சேர்த்தார்கள். அந்த ஜன்னல்கள் பலவற்றில் முகங்கள் அழிந்துபோயின. பேர்பெற்ற பட்டறைகளுக்கே இந்த அடி விழுந்திருக்கிறது.

மஞ்சளுக்கு மட்டும் ஒரு தனி வழி உண்டு. வெள்ளி உப்பைக் காவி மண்ணோடு குழைத்து, கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் பூசி, 560, 580 டிகிரி அளவில் சுட்டு, ஆறியதும் மண்ணைத் துடைத்தால் வெள்ளி கண்ணாடிக்குள்ளேயே இறங்கி எலுமிச்சை மஞ்சளிலிருந்து தேன் நிறம்வரை கொடுக்கும். ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இதைச் செய்கிறார்கள். தலையைச் சுற்றிய ஒளிவட்டத்தையும் முகத்தையும் நடுவில் ஈயம் இல்லாமல் ஒரே துண்டில் செய்ய இதுதான் வழி. உங்கள் பணத்துக்கும் இது கைகொடுக்கும். ஜெர்மனியின் வால்ட்சாசன் ஊரில் லாம்பெர்ட்ஸ் பட்டறை போன்ற இடங்களில் வாயால் ஊதிச் செய்யும் கண்ணாடியை இருபத்தோரு சதுர அடிக்கும் இறக்குமதி செய்வது கிராமத்து சபைக்குச் சுமைதான். பெரும்பகுதியை சாதாரணக் கண்ணாடியில் பழுப்புப் பூச்சும் வெள்ளி மஞ்சளுமாகச் செய்து, அங்கிக்கும் ஆட்டுக்கும் மட்டும் உண்மையான வண்ணக் கண்ணாடி வாங்கலாம். 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டெர்சியன் துறவிகள் தங்கள் மடங்களில் வண்ண ஜன்னலே கூடாது என்று விதி வைத்தார்கள், நிறமில்லாத கண்ணாடியிலேயே அழகான வடிவங்களைச் செய்தார்கள். அதனால் இதை ஏழைகளின் வழி என்று நினைத்துத் தயங்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: இப்போது வரும் தகடு கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்கிறார்கள். வெள்ளீயம் பட்ட பக்கத்தில் வெள்ளி பிடிக்கும் நிறம் வேறு, மறுபக்கத்தில் வேறு. இரண்டு பக்கமும் ஒரு துண்டில் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

துண்டுகளைக் கோப்பது பொறுமை கேட்கும் வேலை, ஆனால் கையில் வந்துவிடும். மூலையிலிருந்து தொடங்கி, ஈயப் பட்டையில் துண்டைச் செருகி, ஆணி அடித்து நிறுத்தி, அடுத்ததை வைத்துக்கொண்டே போய், எல்லாம் சேர்ந்ததும் மூட்டுகளை மட்டும் சால்டர் செய்வோம். ஈயம் உருகுவது 327 டிகிரியில், சால்டர் அதற்கு வெகு முன்பே உருகும், அதனால் கை வேகம்தான் முக்கியம். பிறகு ஆளிவிதை எண்ணெய், சாக் பவுடர், விளக்குக் கரி சேர்த்துக் குழைத்த கலவையை இரு பக்கமும் பட்டைக்கு அடியில் புகும்படி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். உங்களுடையது கிழக்கு ஜன்னல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிப்பது அந்தச் சுவரில்தான். சூடும் கவனிக்க வேண்டியது: ஒரே சூட்டில் ஈயம் கண்ணாடியைவிட மூன்று மடங்கு விரியும், திரும்பச் சுருங்கும்போது பழைய இடத்துக்கே வராது. பல வருஷத்தில் பலகை வயிறு தள்ளுவது அதனால்தான். இரண்டு அடிக்கு ஒரு குறுக்குக் கம்பி, துருப்பிடிக்காத உலோகத்தில், சுவரில் பதித்து, பலகையைச் செம்புக் கம்பியால் அதோடு கட்டிவிடுங்கள். வெளியே கல்லுக்கும் பந்துக்கும் குரங்குக்கும் பயந்து பாதுகாப்புக் கண்ணாடி போடுவதானால், மேலும் கீழும் காற்று போக இடைவெளி விட்டே போடுங்கள். முழுக்க மூடினால் இரண்டுக்கும் நடுவில் அடுப்பாகிவிடும்.

இப்படிச் செய்தால் எத்தனை காலம்? சுட்ட பூச்சும் வண்ணமும் நூற்றாண்டுகள் நிற்கும், 12, 13ஆம் நூற்றாண்டு ஜன்னல்கள் பிரான்ஸில் சார்த்ர் ஊர்ப் பேராலயத்தில் இன்றும் இருக்கின்றன. ஈயத்துக்கு நூறு வருஷம் என்பது பொதுவான கணக்கு. நம் வெயிலில் அதற்கு முன்னாலேயே ஒருமுறை கழற்றிப் புது ஈயம் போட வேண்டி வரலாம். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது நடக்க வேண்டிய பராமரிப்பு. முழு அளவு வரைபடத்தையும் பொடி, கண்ணாடி விவரங்களையும் சபைப் பதிவேட்டோடு பத்திரமாக வையுங்கள், அன்று கழற்றுகிறவருக்கு அது பெரிய உதவி.

ஈயத்தைப் பற்றிக் கடுமையாகவே சொல்லிவிடுகிறேன். அது உடம்புக்குள் போனால் விஷம், பூச்சுப் பொடியிலும் பெரும்பாலும் ஈயம் உண்டு. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறைக்குள் விடாதீர்கள். வேலை செய்யும் இடத்தில் டீ, பிஸ்கட் எதுவும் கூடாது. காய்ந்த தரையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலைச் சட்டை வீட்டுக்குப் போகக் கூடாது. மாதக் கணக்கில் செய்கிறவர்கள் ரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது, நான் வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

ஆக, சபையாரே எதைச் செய்யலாம்? வரைபடம், துண்டு வெட்டுவது, தூரிகை வேலை மூன்றையும் தாராளமாகச் செய்யலாம். சூளை நான் சொன்ன மாதிரி இருந்தால் சுடுவதையும் செய்யலாம். ஈயம் கோப்பதற்கு, தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று முதல் பலகையையாவது முடித்துக் கொடுக்கட்டும். சுவரில் ஏற்றுவதைத் தெரிந்தவரிடமே விடுங்கள். உங்கள் சுவரைப் பார்க்காமல் கம்பியை எங்கே பதிப்பது என்று நான் இங்கிருந்து சொல்லக் கூடாது. பழைய சுண்ணாம்புச் சுவர் ஒரு மாதிரி, சிமெண்டுச் சுவர் ஒரு மாதிரி.

கமிட்டியில் பணம் பேசுவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். செம்பழுப்புக் கண்ணாடியில் உள்ளங்கை அளவுக்கு ஆட்டின் தலையை மட்டும் வரைந்து, மூன்று வெவ்வேறு கனத்தில் பூச்சுப் போட்டு, மூன்றையும் சுட்டு, பலிபீட ஜன்னலின் உள்பக்கத்தில் களிமண் உருண்டை வைத்து ஒட்டுங்கள். ஒரு வாரம் காலை ஏழு மணிக்கும் எட்டரைக்கும் பத்துக்கும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள், மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர்களையும் சேர்த்து. எட்டரை மணிக்கு எந்த ஆட்டின் கண் தெரிகிறதோ அந்தக் கனத்தைக் குறித்துவைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், மீதியை அதிலிருந்து பேசலாம்.